சோனாப்பூர் கட்டிலிலிருந்து வீட்டு வாசல் வரை

துபாயிலிருந்து ஊருக்கு எவ்வளவு நேரம் என்று கேம்பில் யாரைக் கேட்டாலும் “நாலு மணி நேரம்” என்பார்கள். அது விமானத்தின் கணக்கு. அறையில் பெட்டியைத் தூக்கிய நிமிடம் முதல் ஆலங்குடியிலோ பரமக்குடியிலோ ஜெயங்கொண்டத்திலோ உங்கள் வீட்டுத் திண்ணையில் அதை இறக்கும் நிமிடம் வரை ஆவதுதான் உங்கள் பயண நேரம். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அது முடிந்தால் அதிர்ஷ்டம். டிக்கெட்டைச் சரியாகப் பார்க்காமல் எடுத்தவருக்கு இருபதைத் தாண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகிறவருக்கு அந்த எட்டு மணி நேரம் பெரிது. இந்த அத்தியாயம் அந்த நேரத்தைப் பற்றியது.

முதலில் முகவரி. சோனாப்பூர் என்பது துபாயில் நம் தொழிலாளர் கேம்புகள் இருக்கும் பகுதிக்கு நாம் வாயால் சொல்லும் பெயர். அரசுப் பதிவிலும் டாக்ஸி செயலியிலும் இந்த இடம் முஹைஸ்னா 2. ஊரிலிருந்து வந்து இறங்கும் புது ஆள் “சோனாப்பூர்” என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தால் செயலியில் தேடிக்கொண்டே நிற்பார். கேம்பின் பெயர், முஹைஸ்னா 2, பக்கத்தில் தெரிந்த ஒரு கடை அல்லது மசூதி, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துவிடுங்கள்.

வானத்துத் தூரம்

துபாயில் ஒரு ஆணியை அடித்து, அதில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தமிழ்நாட்டின் மேல் சுழற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு சென்னையைத் தொடும்போது நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 2,930 கிலோமீட்டர். அதே கயிற்றைத் திருச்சிக்கு இழுத்தால் 2,940. மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் 2,950 சொச்சம். நான்கும் ஏறக்குறைய ஒரே வளைவில் விழுகின்றன. கோயம்புத்தூரும் கொச்சியும் மட்டும் கொஞ்சம் உள்ளே வருகின்றன, இரண்டும் சுமார் 2,780. யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போகிற இலங்கைத் தோழர்கள் பெரும்பாலும் கொழும்பில்தான் இறங்குகிறார்கள். அது சுமார் 3,290.

ஆகவே சென்னை விமானம் சீக்கிரம் போகும், மதுரை விமானம் சுற்றிப் போகும் என்ற பேச்சில் உண்மை இல்லை. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற விமானத்துக்கு இந்த நான்கு ஊர்களுக்கிடையே உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு நிமிடம். வித்தியாசம் முழுவதும் தரையில்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சி சாலை வழியாகச் சுமார் 330 கிலோமீட்டர், மதுரை 460. பேருந்தில் ஆறு மணி நேரமும் எட்டு மணி நேரமும் ஆகும். துபாயிலிருந்து சென்னைக்கு வானத்தில் ஆனதைவிட, சென்னையிலிருந்து ஊருக்குத் தரையில் ஆகும் நேரம் அதிகம்.

சென்னை டிக்கெட் நூறு திர்ஹம் மலிவாக இருக்கும். கை தானாக அதை அழுத்தப் பார்க்கும். அழுத்துவதற்கு முன் மூன்றைக் கூட்டுங்கள்: மீனம்பாக்கத்திலிருந்து பேருந்து நிலையம் போகும் செலவு, சொந்த ஊருக்குப் பேருந்துக் கட்டணம், வழியில் சாப்பாடு. சுமை அதிகமாகி வாடகைக் கார் பிடிக்க நேர்ந்தால் கணக்கு தலைகீழாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, முப்பது நாள் லீவில் ஒரு பகல் சாலையில் கழிகிறது. திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கும்போது புதுக்கோட்டைக்காரரும் பெரம்பலூர்க்காரரும் சென்னையில் இறங்க வேண்டியதில்லை. அந்த இரண்டு ஊரும் திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். நூறு திர்ஹமுக்காக அதை விடுவது நஷ்டம் என்பது என் தீர்மானமான கருத்து. விழுப்புரம், கடலூர், வேலூர் பக்கத்தவர்களுக்குச் சென்னைதான் சரி.

சில வருடம் கழித்துப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் தென் மாவட்டப் பேருந்துகள் இப்போது கோயம்பேட்டிலிருந்து கிளம்புவதில்லை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. விமான நிலையத்திலிருந்து தாம்பரம், வண்டலூர் தாண்டித் தெற்கே போக வேண்டும். பழைய நினைவில் வடக்கே கோயம்பேடு போய்த் திரும்பினால் இரண்டு மணி நேரம் போச்சு. திருச்சியிலும் விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜூனிலிருந்து இயங்குகிறது. 2025-ல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையமும் வந்துவிட்டது. அழைக்க வருகிற ஆளிடம் எந்த வாசல், எந்த நிலையம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தின் கணக்கு

இந்திய நேரம் துபாய் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இலங்கையும் அப்படியே. மஸ்கட் துபாயோடு சேர்ந்தது. தோஹா, ரியாத், குவைத், பஹ்ரைன் நான்கும் துபாய்க்கு ஒரு மணி நேரம் பின்னால், அதனால் அங்கிருந்து ஊருக்கு இரண்டரை மணி நேர வித்தியாசம்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். துபாயில் இரவு 10.30-க்குக் கிளம்பிச் சென்னையில் விடிகாலை 4.00-க்கு இறங்கும் என்று போட்டிருந்தால், கடிகாரப்படி ஐந்தரை மணி நேரம். ஒன்றரையைக் கழியுங்கள், உண்மையில் நாலு மணி நேரம். திரும்பும்போது காலை 4.00-க்குக் கிளம்பி 6.45-க்கு துபாய் என்று இருக்கும். ரெண்டே முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டதாகத் தோன்றும். ஒன்றரையைக் கூட்டினால் நாலேகால். இதைக் கவனிக்காமல் “ஏழு மணிக்கு இறங்குறேன், பத்து மணிக்கு டூட்டிக்கு வந்துடறேன்” என்று ஃபோர்மேனிடம் வாக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அன்று ஊர்க் கணக்கில் நீங்கள் முந்தின நாள் மாலையே வீட்டை விட்டுக் கிளம்பி, ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் வந்திருப்பீர்கள். அந்தக் கண்ணோடு சாரத்தில் ஏறாதீர்கள். திரும்பும் டிக்கெட்டை வேலை தொடங்கும் நாளுக்கு ஒரு நாள் முன்பாகப் போடுங்கள்.

போக நாலு, வர நாலேகால் அல்லது நாலரை. இந்த வித்தியாசம் காற்றால் வருவது. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்றோட்டம் ஓடுகிறது. ஊருக்குப் போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும்; திரும்பும் விமானத்தை எதிர்க்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவின் மேல் கிழக்கிலிருந்து மேற்கே வீசும் காற்றோட்டம் அமைவதால் வித்தியாசம் குறையும். 1950-களில் அந்தக் கீழைக் காற்றோட்டத்தை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி.கோட்டீஸ்வரம். பொங்கலுக்குப் போன விமானம் அரை மணி முன்னதாகவே இறங்கினால் அதற்குக் காரணம் அந்தக் குளிர்கால மேற்குக் காற்றுதான். அழைக்க வருகிறவர்களிடம் அதையும் சொல்லி வையுங்கள்.

நமக்கு முந்தைய தலைமுறைக்கு இந்தப் பயணம் நாள் கணக்கு. பம்பாயிலிருந்து பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்கள் கராச்சி, மஸ்கட் என்று துறைமுகம் துறைமுகமாக நின்று வளைகுடாவுக்கு வந்தன. அந்தத் தடத்தில் ஓடிய ‘தாரா’ கப்பல் 1961 ஏப்ரல் 8 அன்று துபாய்க்கு அருகே வெடித்துத் தீப்பற்றியதில் 238 பேர் இறந்தார்கள். ‘துவாரகா’ என்ற கப்பல் 1982 வரை ஓடியது. ஊரிலிருந்து ரயிலில் பம்பாய், அங்கிருந்து கப்பலில் கடைசித் தட்டில் பாய் விரித்துப் பல நாள். அப்படி வந்தவர்கள் போட்ட பாதையில்தான் நாம் நாலு மணி நேரத்தில் போகிறோம்.

தேதியில் விழும் அடி

இந்த அத்தியாயத்தில் ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். தமிழ்நாட்டுக்குப் போகும் விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புகின்றன. நள்ளிரவு தாண்டினால் தேதி மாறிவிடும். டிக்கெட்டில் “15-ஆம் தேதி, 01.30” என்றிருந்தால் நீங்கள் கேம்பிலிருந்து கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி இரவு. 15-ஆம் தேதி பகல் முழுக்கப் பெட்டி கட்டிவிட்டு அன்று இரவு விமான நிலையம் போனால், விமானம் போய் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

என் அறையிலிருந்த ஒரு அண்ணனுக்கு நடந்தது இது. அவருக்குத் தங்கை கல்யாணம். மூன்று மாதமாகச் சேர்த்த சாமான்: இரண்டு கம்பளி, டாங் டப்பா, நிடோ, கோடாலித் தைலம், பிள்ளைகளுக்கு மிட்டாய். அட்டைப்பெட்டியின் நான்கு பக்கமும் மார்க்கரில் பெயரும் ஊரும் எழுதி, டேப் சுற்றி, நாங்கள் நாலு பேர் சேர்ந்து டாக்ஸியில் ஏற்றிவிட்டோம். ஒரு மணி நேரத்தில் அதே பெட்டியோடு திரும்பி வந்தார். கவுண்டரில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, “இது நேற்று இரவு விமானம்” என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அறைக்காரர்கள் பணம் போட்டு அடுத்த டிக்கெட் எடுத்தோம். தாலி கட்டி முடிந்த பிறகுதான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

டிக்கெட் கைக்கு வந்ததும் பேனாவை எடுத்து அதன் மேலேயே தமிழில் எழுதுங்கள்: “14 திங்கள் ராத்திரி 9 மணிக்கு ரூமை விட்டுக் கிளம்பணும்.” கிழமையையும் சேர்த்து எழுதுங்கள். தேதி குழப்பும், கிழமை குழப்பாது. வீட்டுக்குச் சொல்லும்போதும் “15-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் ஏழு மணிக்குத் திருச்சியில் இறங்குவேன்” என்று ஊர் நேரத்தில் சொல்லுங்கள். இல்லையென்றால் அவர்களும் ஒரு நாள் தள்ளித்தான் காரோடு வந்து நிற்பார்கள்.

கேம்பிலிருந்து கவுண்டர் வரை

சோனாப்பூருக்கு ஒரு வசதி உண்டு. துபாய் விமான நிலையமும் சார்ஜா விமான நிலையமும் இங்கிருந்து பக்கம். நெரிசல் இல்லாத நேரத்தில் எதற்கும் அரை மணி நேரம் போதும். மாலையில் சார்ஜா நோக்கிப் போகும் சாலைகள் அடைத்துக்கொள்ளும், அப்போது ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜெபல் அலிப் பக்கம் இருக்கும் அல் மக்தூம் விமான நிலையம் வேறு. அது நகரத்தின் மறுகோடி. டிக்கெட்டில் டி.எக்ஸ்.பி. என்றால் துபாய், எஸ்.எச்.ஜே. என்றால் சார்ஜா, டி.டபிள்யூ.சி. என்றால் அல் மக்தூம். 2022-ல் துபாயின் ஓடுபாதை ஒன்றைப் பழுது பார்த்தபோது பல விமானங்களைச் சில வாரம் அல் மக்தூமுக்கு மாற்றினார்கள். ஆகவே கிளம்பும் நாளிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

துபாய் என்றால் எந்த டெர்மினல் என்பது அடுத்த கேள்வி. டெர்மினல் 2 நம் குசைஸ் பக்கம். 1-ம் 3-ம் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், கரூட் பகுதியில். தவறான டெர்மினலில் இறங்கினால் பெட்டியோடு சுற்றிப் போக வேண்டும். எமிரேட்ஸ் என்றால் 3. மற்றவற்றுக்குச் சொல்லிக் கேட்டதை நம்பாமல் டிக்கெட்டில் இருப்பதைப் பாருங்கள், மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

பணம் மிச்சப்படுத்த நினைத்தால் எதிசலாத் ஸ்டேஷனிலிருந்து பச்சை வழி மெட்ரோ. யூனியனில் இறங்கிச் சிவப்பு வழிக்கு மாறினால் டெர்மினல் 1, 3 இரண்டுக்கும் நேராகப் போகலாம். டெர்மினல் 2-க்கு மெட்ரோ இல்லை. பச்சை வழியில் இரண்டாவது நிறுத்தமான ஃப்ரீ ஸோனில் இறங்கி அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம். மெட்ரோவில் ஒரு பெரிய பெட்டி, ஒரு சின்னப் பெட்டிதான் கொண்டுபோகலாம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் நள்ளிரவோடு வண்டி நின்றுவிடும். மூன்று மணி விமானத்துக்குப் பத்தரை மணி வண்டியில் போய் அங்கே காத்திருப்பது நல்லது. ஒரே விமானத்தில் போகிற மூன்று பேர் சேர்ந்தால் டாக்ஸி எல்லாவற்றையும்விட மலிவு. விமான நிலையத்திலிருந்து வரும்போது மீட்டர் 25 திர்ஹமில் தொடங்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்று மணி நேரம் முன்பே கவுண்டரில் இருங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே கவுண்டரை மூடிவிடுகிறார்கள். வரிசையில் நேரத்தைத் தின்பது பெட்டிதான். துபாய் விமான நிலையத்தில் 2017 மார்ச் 8 முதல், ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத மூட்டையை எடுத்துக்கொள்வதில்லை. போர்வையில் உருண்டையாகக் கட்டிய மூட்டை கன்வேயரில் சிக்கிக்கொள்வதால் அந்த விதி. அட்டைப்பெட்டி தட்டைதான், அதனால் பிரச்சினை இல்லை. கம்பளி மூட்டைதான் திரும்பி வரும். கம்பளியையும் பெட்டிக்குள் அடையுங்கள். எத்தனை கிலோ என்பது விமானத்துக்கு விமானம் மாறும், டிக்கெட்டிலேயே இருக்கும். கேம்பிலேயே எடை பார்த்துவிடுங்கள். கவுண்டர் முன்னால் தரையில் பெட்டியைப் பிரித்து, எதை விடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்க்க மனம் தாங்காது. பவர் பேங்கைக் கைப்பையில் வையுங்கள், தைலத்தைப் பெட்டியில் வையுங்கள்.

மாறிப் போகும் விமானம்

துபாய்–மும்பை சுமார் 1,930 கிலோமீட்டர், மும்பை–சென்னை சுமார் 1,030. கூட்டினால் 2,960, நேரடித் தூரத்தைவிட முப்பது கிலோமீட்டர்தான் கூடுதல். ஆனால் இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே குடியேற்றச் சோதனையும் சுங்கமும் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஏற்ற வேண்டும். அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேர இடைவெளி என்றால் எடுக்காதீர்கள். நான்கு மணி நேரமாவது வேண்டும். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் அந்த நிறுவனம் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும். தனித்தனி டிக்கெட் என்றால் நஷ்டம் உங்களுடையது.

திடீரென்று போக வேண்டி வந்தால்

லீவுக்குப் போகும் பயணத்தில் தவறு நடந்தால் ஒரு நாள் போகும். துக்கத்துக்குப் போகும் பயணத்தில் தவறு நடந்தால் முகம் பார்க்க முடியாமல் போகும்.

அறந்தாங்கிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவருக்கு இரவு ஏழு மணிக்கு ஊரிலிருந்து போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அப்போது எட்டரை. அன்று இரவே இரண்டு மணிக்குத் திருச்சி விமானம் இருந்து, இடமும் இருந்து, பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால், காலை ஏழரைக்கு இறங்கி, எட்டரை ஒன்பதுக்கு வெளியே வந்து, காரில் பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பார். எல்லாம் கூடிவந்தாலும் ஊர்க் கணக்கில் பதினாலரை மணி நேரம். திருச்சிக்கு இடம் இல்லாமல் சென்னை வழியாகப் போனால் மாலை நாலு மணி தாண்டும். ஆகவே போனை எடுத்ததும் பதற்றத்தில் “நாலு மணி நேரத்துல வந்துர்றேன், வச்சிருங்க” என்று சொல்லாதீர்கள். டிக்கெட் உறுதியான பிறகு, “நாளைக்குப் பதினொரு மணிக்கு வாசல்ல இருப்பேன், ஐஸ் பெட்டி சொல்லிருங்க” என்று சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்கள் எடுக்கிற நேரத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இந்தக் கணக்கு முழுவதும் பாஸ்போர்ட்டில் தொங்குகிறது. ஆபீஸ் அலமாரியில் அது பூட்டிக் கிடந்தால், அதை வைத்திருக்கும் கம்பெனி பி.ஆர்.ஓ. போனை எடுக்காவிட்டால், மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், 2,940 கிலோமீட்டரும் 850 கிலோமீட்டர் வேகமும் ஒன்றுக்கும் உதவாது. இந்த நாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2021-ன் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம், 2022 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது, தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. ஊருக்குப் போக இங்கே முதலாளியின் வெளியேறும் அனுமதிச் சீட்டும் தேவையில்லை. கேட்டும் கொடுக்க மறுத்தால், துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவுக்கு 800 46342 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

துக்கச் செய்தி வந்த இரவில் இதைத் தொடங்க முடியாது. உங்கள் பாஸ்போர்ட் இப்போது எங்கே இருக்கிறது என்று இன்று டூட்டி முடிந்ததும் கேளுங்கள். கையில் வாங்கி, அது எந்தத் தேதிவரை செல்லும் என்று பார்த்து, உங்கள் பெட்டியிலேயே வையுங்கள்.